ஒன்றரைக் கோலும் சாய்மனைக் கதிரையும்

கனடாவில் இருக்கும் என் தம்பி வேலை முடிந்து வந்து ரிவிக்கு முன்னால் காலை நீட்டும் நேரம், இங்கே மன்னாரில் நான் பல் தீட்டிக்கொண்டிருப்பேன். அந்த நேரம் பார்த்துத்தான் வட்ஸ்அப்பில் அழைப்பான். முதலில் குளிரைப் பற்றி ஒரு முறைப்பாடு. பிறகு, இங்கே என்ன மீன் படுகிறது என்று ஒரு ஏக்கம். அதற்குப் பிறகு கூடைப்பந்தாட்டம். அவன் அந்த ஆட்டத்தைப் பார்ப்பது மட்டுமில்லை, கைத்தொலைபேசியில் அதன்மேல் பந்தயமும் பிடிக்கிறான். அதில் இதுவரை என்ன வென்றான் என்று நான் கேட்டதில்லை. நான் பார்த்து வரும் இத்தனை வருடமும் ஒரே குளிர் ஜக்கெற்றோடுதான் திரையில் தோன்றுகிறான் என்பதால் கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

ஒரு நாள் அவன் எனக்கு அந்தக் கலையின் சூட்சுமத்தைச் சொன்னான்.

"ஆர் வெல்லுவினம் எண்டு இப்ப இஞ்ச ஒருத்தரும் மினக்கெடுறேல்லை அண்ணை. ஒரு ஆளை எடுக்கிறது. அந்த ஆள் இண்டைக்கு எத்தினை அடிப்பான், சொன்ன கணக்குக்கு மேலையோ கீழையோ, அவ்வளவுதான்."

"அப்ப நல்லா விளையாடுறவனாப் பாத்துப் பிடிக்கவேண்டியதுதானே?"

"அங்கைதான் சனம் பிழை விடுறது. அவனைப் பாக்கக்கூடாது. அவனுக்கு எதிரிலை நிக்கிறவங்களைப் பாக்கவேணும். எல்லா அணியையும் தடுப்பு வாரியா வரிசைப்படுத்தி வைச்சிருக்கிறாங்கள். எதிரணியின்ரை தடுப்பு கடைசி இடமெண்டால் கண்ணை மூடிக்கொண்டு மேலை பிடிக்கலாம். ஓட்டைத் தடுப்புக்கு நீங்கள் போனாலும் ரெண்டு அடிப்பியள்."

நான் வாயில் பற்பசையோடு நின்றேன். ஓரளவு வாசித்த மனிதர்களுக்கு உள்ள வியாதி இது. யாராவது ஒரு கோட்பாட்டைச் சொல்லிவிட்டால், அதைப் பிரயோகித்துப் பார்க்க ஓர் இடம் கிடைக்கும்வரை எங்களுக்குச் சோறு செமிக்காது. எனக்கு இடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் கோயில் பெருநாளையொட்டி உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி தொடங்கி, ஊர் முழுக்க அதைப் பற்றியே பேச்சாக இருந்த நேரம் அது.

எங்கள் ஊரில் உதைபந்தாட்டத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர்கள் இரண்டே வகை. இன்னும் பேசத் தொடங்காத குழந்தைகள் ஒன்று. கழுதைகள் மற்றது. கழுதைகளுக்கும் அபிப்பிராயம் இருக்கலாம், ஏனென்றால் அவை எப்போதும் மத்தியஸ்தரின் பக்கத்தில்தான் போய் நிற்கும். ஆனால் இத்தனை அபிப்பிராயம் இருந்தும், அணிகளின் தடுப்பை யாரும் வரிசைப்படுத்திப் பார்க்கவில்லை. அந்தத் துறையில் மன்னார்த் தீவிலேயே முதல் அறிஞன் நானாக இருக்கப் போகிறேன் என்ற நினைப்பே எனக்கு இனித்தது.

வேலையைத் தொடங்கினேன். ஒவ்வோர் அணியும் வாங்கிய கோல்களை எடுத்துக்கொண்டேன். வெறும் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது பாமரர் வேலை என்று எனக்குத் தெரியும். பலமான அணியிடம் வாங்கிய கோலையும், கோல் கம்பம் எந்தப் பக்கம் என்று கேட்டு விளையாடும் அணியிடம் வாங்கிய கோலையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கவில்லை. காற்றுக்கு முகம் கொடுத்து ஆடிய பாதிக்கு ஒரு கழிவு கொடுத்தேன். நானாட்டான் பக்கத்து அணி ஓர் ஆட்டத்தில் பரிதாபமாகத் தோற்றிருந்தது. விசாரித்தால், அது விதைப்பு நேரம். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த கிழமை. பின்வரிசையில் பாதிப் பேர் வயலில் நின்றிருக்கிறார்கள். ஆகவே அந்த அணிக்கு விசேட சலுகை கொடுத்து வரிசையில் மேலே ஏற்றினேன். இவ்வளவு நுணுக்கமாகவும் நியாயமாகவும் ஒரு மனிதன் சிந்திக்க முடியுமா என்று எனக்கே வியப்பாக இருந்தது. இந்த நானாட்டான் விஷயத்தை வாசகர் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை.

எல்லாக் கழிவும் சலுகையும் போன பிறகு கடைசி இடத்தில் ஓர் அணி நின்றது. தீவின் மேற்குக் கரையில் இருந்து வரும் கடற்றொழிலாளர் அணி. முன்வரிசை நெருப்பு. பின்வரிசையோ, கதவைத் திறந்து வைத்து வாங்கோ வாங்கோ என்று உபசரிக்கும் பின்வரிசை. கிழமைக்குள் அடுத்தடுத்து வைத்த எல்லா ஆட்டத்திலும் கோல் வாங்கி, ஆனால் வாங்கியதை விடக் கூடுதலாக அடித்து, அந்த அணி இறுதியாட்டத்துக்கு வந்திருந்தது. அதை எதிர்த்து ஆட வேண்டியது எங்கள் ஊர் அணி. எங்கள் ஊர் அணியின் முன்கள வீரன் என் மச்சானின் மகன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தமையன். எங்கள் வீட்டில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். மாலை ஆறு மணிக்கு முன் அவரைப் பார்க்கப் போனால் அவரை ஒரே ஓர் இடத்தில்தான் பார்க்கலாம்: என் மாமனாரின் சாய்மனைக் கதிரையில். நீண்ட கைகளும் பிரம்பு பின்னிய முதுகும் உள்ள அந்தக் கதிரையில்தான் மாமனார் தன் கடைசிக் காலம் முழுவதும் சாய்ந்திருந்து உலகத்தைத் திருத்தினார். அவர் போன பிறகு கதிரை யாருக்கு என்று யாரும் பேசவில்லை. மரண வீடு முடிந்து ஆட்கள் கலைந்த அன்று மச்சான் அதில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். என் மனைவி அந்த வீட்டுக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் தேத்தண்ணீரைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, "அப்பாவின்ரை கதிரையிலை எண்ணெய்த் தலையோடை படுத்துக் கிடக்கிறார்" என்று முடிப்பாள். அப்பாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தது அவள். பேப்பர் வாசித்துக் காட்டியது அவள். கதிரையின் கைப்பிடியில் உட்கார்ந்து வளர்ந்தவளும் அவள். அண்ணனிடம் வாய் திறந்து கேட்க மட்டும் மாட்டாள். கேட்டு வாங்கினால் அது அப்பாவின் கதிரையாக இருக்காதாம்.

நான் மச்சானிடம் போய் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். அவருடைய மகன் இறுதியாட்டத்தில் இரண்டு கோலுக்குக் குறையாமல் அடிப்பான். இது என் ஆசையில்லை, கணக்கு.

"நீங்கள் என்ன சொல்லுறியள்? ஒண்டரைக்கு மேலையோ கீழையோ?" என்று கேட்டேன்.

அவர் கதிரையில் இருந்தபடியே தலையைத் திருப்பினார். "ஒண்டரையோ? அரைவாசிப் பந்து கோலுக்குள்ளை, அரைவாசி வெளியிலையோ நிக்கிறது?"

"அது அப்பிடியில்லை மச்சான். சமநிலை வரக்கூடாதெண்டுதான் அரை வைக்கிறது. ஒண்டு அடிச்சால் கீழை. ரெண்டு அடிச்சால் மேலை. நடுவிலை ஒண்டும் இல்லை. அரைக் கோல் எண்டு உலகத்திலை ஒண்டும் இல்லை."

"இல்லாத ஒண்டை வைச்சுப் பந்தயம் பிடிக்கிறியள். படிச்ச ஆக்கள்."

"மேலையோ கீழையோ?"

"நீர் மேலை எண்டால் நான் கீழை."

"உங்கடை சொந்த மோன்!"

"மோன் எண்டபடியால்தான் கீழை. பிறந்ததில இருந்து அவன் சொன்னதிலை பாதிதான் செய்யிறவன்."

இனிப் பந்தயப் பொருள். காசு கூடாது. போட்டி தொடங்கிய ஞாயிறு பூசையில் பாதர், கோயில் மைதானத்து ஆட்டத்தில் காசு வைக்கிறவர்களைப் பற்றிக் கடுமையாகப் பேசியிருந்தார். மற்றப் பொருட்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நானும் மச்சானும் ஏககாலத்தில் நினைவுகூர்ந்தோம். நான் கதிரையைக் கேட்டேன். மச்சான் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "அப்ப உங்கடை கிடாய்" என்றார். "பெருநாளுக்குச் சமைக்க அளவாய் இருக்கும்."

எங்கள் கிடாய் என்பது உண்மையில் என் மனைவியின் கிடாய். தாயாடு செத்த பிறகு போத்தலில் பால் கொடுத்து அவள் வளர்த்தது. அது தன்னை ஆடென்று நினைப்பதில்லை. விறாந்தையில் கதிரை ஒன்று காலியாக இருந்தால் ஏறிப் படுக்கும். பத்திரிகையில் எப்போதாவது வரும் என் கட்டுரைகளைத் தேடித் தின்னும். என் எழுத்தை முழுவதுமாக உட்கொண்ட ஒரே வாசகர் அதுதான். அப்படிப்பட்ட ஒன்றைப் பந்தயத்தில் வைக்கிறோமே என்று ஒரு கணம் தயங்கியது உண்மை. ஆனால் என் வரிசையில் அந்த அணி கடைசி இடம். கடைசிக்குக் கீழே இடமே இல்லை. ஓம் என்றேன்.

மனைவிக்குக் கதிரையை வென்று வந்து காட்டிய பிறகு சொல்லலாம் என்பது என் திட்டம். மச்சான் அடுத்த நாளே வந்து கிடாயின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்ததில் திட்டம் கெட்டது.

"என்ன அண்ணா, ஆட்டுக்கு வைத்தியமோ?" என்று அவள் குசினியில் இருந்து கேட்டாள்.

"இல்லைத் தங்கச்சி. சும்மா, சதை வைச்சிருக்கோ எண்டு."

"வைச்சால் என்ன, வைக்காட்டி என்ன?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நல்ல மனிதராக நழுவிவிட்டார்.

அவள் கையில் அகப்பையோடு வெளியே வந்தாள். நான் தற்காப்பு உரை ஒன்றைத் தயார் செய்தேன், அது தேவைப்படவில்லை. அவள் கிடாயைப் பார்த்தாள். பிறகு, அண்ணனின் வீடு இருக்கும் திசையைப் பார்த்தாள்.

"வெண்டால் கதிரை எங்களுக்கோ?"

"ஓம்."

"அண்ணா வாயாலை சொன்னவரோ?"

"ஓம்."

"உங்கடை கணக்கை ஒருக்காக் காட்டுங்கோ."

திருமணமான நாளில் இருந்து என் கணக்கு எதையும் பார்க்க ஆசைப்படாதவள் விறாந்தைக் குந்தில் உட்கார்ந்து என் வரிசையை மேலிருந்து கீழாக வாசித்தாள். கடைசி இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "உவையின்ரை பின்வரிசையிலை விளையாடுறது ஆர்?" என்று கேட்டாள்.

"ஆர் எண்டது முக்கியமில்லை. எத்தினை வாங்கினவை எண்டதுதான் முக்கியம். அதுதான் விஞ்ஞானம்."

"எனக்கு உங்கடை விஞ்ஞானம் விளங்கேல்லை. ஆனால் ஒண்டு விளங்குது. பிழைச்சால் இந்தப் பிள்ளை பெருநாளுக்குச் சட்டியிலை."

கிடாய் அப்போது என் வரிசையின் மூலையைத் தின்னத் தொடங்கியிருந்தது. பிடுங்கி எடுத்தேன்.

இறுதியாட்டம் ஞாயிறு நடக்க வேண்டியது. வெள்ளி தொடங்கிய மழை விடவில்லை. மைதானத்தில் தண்ணீர் நின்றது. இரண்டு வாத்துகள் அதைத் தங்களுடையது என்று எண்ணத் தொடங்கின. ஆகவே ஆட்டத்தை அடுத்த கிழமை போயா விடுமுறைக்குத் தள்ளினார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சி. கந்தோரில் லீவு கேட்டுத் தலை சொறியத் தேவையில்லை. போயா என்றால் அரசாங்கமே வீட்டில் இரு என்கிறது. போயா என்றால் வேறு என்ன என்று ஒரு நிமிடம் நான் யோசித்திருக்கலாம். இந்த நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. ஆனால் விடுமுறை வருகிறபோது அது ஏன் வருகிறது என்று யோசிக்கிற பழக்கம் அரசாங்க உத்தியோகத்தரிடம் கிடையாது.

போயா அன்று மத்தியானம் நண்டு. வெற்றியைக் கொண்டாடத் தகுந்த கறி என்று நான்தான் கேட்டு வாங்குவித்தேன். முதல் நண்டை உடைத்தேன், உள்ளே தண்ணீர். இரண்டாவதை உடைத்தேன், காற்று. நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பிரசங்கம் செய்தேன்.

"நிலவு காலத்திலை ஆராவது நண்டு வாங்குவினமோ? இருட்டுக்குத்தான் நண்டு சதை வைக்கும். நிலவுக்கு வெறுங்கோது. இந்தத் தீவிலை பிறந்து வளந்த ஆள் நீர், இதைக் கூடவோ நான் சொல்லித் தரவேணும்? நிலவிலை கடல் வேறை, இருட்டிலை கடல் வேறை. மீன் வேறை, வலை வேறை, தொழிலுக்குப் போற ஆள் வேறை..."

"நண்டு நண்டெண்டு ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து தொண தொணத்தது ஆர்?"

நான் பருப்பைப் போட்டுச் சாப்பிட்டேன். நிலவைப் பற்றி இவ்வளவு பேசிய வாயோடு எழுந்து கையைக் கழுவிவிட்டு, கடைசி இடத்து அணி தோற்பதைப் பார்க்கக் குடையும் பாயும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்டேன். மனைவியும் வந்தாள். அவள் உதைபந்தாட்டம் பார்க்க வந்தது கலியாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

மைதானத்தில் கச்சான் கடலை வாசமும் ஒலிபெருக்கிச் சத்தமும். எங்கள் அணி இறங்கியது, கைதட்டினோம். எதிரணி இறங்கியது. அவர்கள் பக்கத்தில் இருந்து எழுந்த ஆரவாரம் எனக்கு அளவுக்கு மிஞ்சியதாகப் பட்டது. வரிசையில் கடைசியாக இரண்டு பேர் வந்தார்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு சகோதரர்கள். தோள் கதவு அகலம். உப்பும் வெயிலும் தின்று செம்பட்டையான தலைமயிர். அவர்கள் நேரே போய்ப் பின்வரிசையில் நின்றார்கள். நின்ற மாத்திரத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவே இருந்த வெளி குறைந்து போனது.

எனக்குப் பக்கத்தில் நின்றவர் மேற்குக் கரைக்காரர். அவர் நான் கேட்பதற்கு முன்பே மகிழ்ச்சி தாங்காமல் சொன்னார்.

"எங்கடை பின்வரிசை வந்திட்டுது ஐயா!"

"இவ்வளவு நாளும் எங்கை போனவை?"

"முசலிப் பக்கம் மீன்வாடியிலை தங்கி நிண்டவை. நிலவில்லாத இருட்டு முழுக்கக் கடல்தொழில். நிலவுக்குத்தானே வீட்டை வருவினம். இண்டைக்குப் போயா, முழு நிலவெல்லே. ஞாயிற்றுக்கிழமை வைச்சிருந்தால் இவையும் இல்லை, நாங்களும் இல்லை. மழைக்குத்தான் பூசை வைக்கவேணும்."

என் மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நண்டுக்கோதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

நானாட்டான்காரர் வயலுக்குப் போனால் அவர்களின் பின்வரிசை ஓட்டையாகும் என்று தெரிந்து சலுகை கொடுத்தவன் நான். வயல் அக்கரையில் இருக்கிறது. கடல் என் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களும் அதே மாதிரித்தான் போவார்கள் என்பது மட்டும் என் விஞ்ஞானத்துக்குள் வரவில்லை. நான் வரிசைப்படுத்தியது அந்த அணியை இல்லை. அந்த அணியின் சட்டையை. சட்டைக்குள் யார் என்று கேட்டவளிடம் அது முக்கியமில்லை என்று வேறு சொல்லியிருந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. மருமகன், அதாவது மச்சானின் மகன், பந்தோடு போனான். மூத்தவன் வந்து எடுத்தான். மற்றப் பக்கத்தால் போனான். இளையவன் வந்து எடுத்தான். அவர்கள் எடுப்பதில் கோபம், அவசரம் ஒன்றும் இல்லை. வலையில் சிக்கிய பாசியைக் கழற்றி எறிகிற மாதிரி எடுத்தார்கள். இடைவேளைவரை அவனுக்குப் பந்து இருக்கும் இடமே சரியாகத் தெரியவில்லை.

மச்சான் நாலு பேர் தள்ளி நின்றுகொண்டு, மகனுக்கு உற்சாகம் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்தார். "ஓடடா மோனே!" என்று கத்துவார். பிறகு கிடாய் நினைவு வந்து, "ஆறுதலா ஓடு!" என்பார்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு மூலை உதை. கோலுக்கு முன்னால் ஒரே கால் காடு. அதற்குள் பந்து யாரோ ஒருவரின் முழங்காலில் பட்டு, மருமகனின் நெற்றியில் பட்டு, உள்ளே போனது. என் மனைவி துள்ளியதில் குடை பறந்தது. ஒன்று. இன்னும் ஒன்று வேண்டும். அந்த இன்னும் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது எதிரணியின் நெருப்பு முன்வரிசை வந்து சமன் செய்துவிட்டுப் போனது. எங்கள் இருவருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஊர் வெல்லுமா தோற்குமா என்பதை அந்த மைதானத்தில் மறந்திருந்த பிரசைகள் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆட்டம் முடியும் நேரம். மருமகன் கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு இளையவனைத் தாண்டினான். மூத்தவனின் கால் நீண்டது. விழுந்தான். விசில். பெனால்டி.

"இதை ஆர் அடிக்கிறது?" மனைவியின் நகம் என் கையில் இறங்கியது.

"அவன்தான். எங்கடை பெனால்டி எல்லாம் அவன்தான்."

"அந்தோனியாரே, பெருநாளுக்குப் பெரிய மெழுகுதிரி ஒண்டு. கதிரையிலை இருந்தபடியே கொளுத்துறன்."

மருமகன் எழுந்து மண்ணைத் தட்டினான். பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்தான். நாலு அடி பின்னால் வந்தான். நின்றான். பிறகு, நான் செத்தாலும் மறக்க மாட்டேன், திரும்பிப் பின்னால் பார்த்து எங்கள் இடது பின்கள வீரனைக் கை காட்டிக் கூப்பிட்டான்.

அந்தப் பொடியனுக்குப் பெருநாள் முடியக் கலியாணம். போன ஞாயிறுதான் பூசையில் கலியாண அறிவித்தல் வாசித்தார்கள். எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருக்கிறது: கலியாண அறிவித்தல் வாசிக்கப்பட்டவனுக்கு ஒரு பெனால்டி கொடுக்க வேண்டும். பாதரின் அறிவித்தல் பெண் வீட்டுக்கு, பெனால்டி ஊருக்கு. அவன் சேர்ந்த நாளில் இருந்து ஒரு கோலும் அடித்ததில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு குடை சட்டென்று கீழே தாழ்ந்தது. அதற்குள் இருந்தது மணப்பெண்.

"வேண்டாமடா!" என்று மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தியது என் மனைவி. சனம் திரும்பிப் பார்த்தது. சொந்த ஊர் மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு சாபமா என்று யோசித்திருக்கும்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான் என்றுதான் நினைக்கிறேன். பந்து உள்ளே இருந்தது. ஊர் மைதானத்துக்குள் பாய்ந்தது. பட்டாசு. மாப்பிள்ளையைத் தோளில் தூக்கினார்கள். தாழ்ந்திருந்த குடையைச் சுற்றி ஒரே சிரிப்பு. மனைவியும் தன்னை மறந்து கைதட்டினாள். பாதி கைதட்டலில் ஞாபகம் வந்து கைகளை இறக்கினாள்.

"வெண்டிட்டம் என்ன?" என்றாள்.

"ஓம். வெண்டிட்டம்."

"அப்ப ஏன் எனக்கு அழுகை வருது?"

மச்சான் வந்தார். மகன் வென்றான், அவர் பந்தயத்தையும் வென்றார்; முகம் வட்டமாக இருந்தது, வரப்போகும் நிலவைப் போல. நான் எழுந்து நின்று, இந்த வாழ்க்கையில் பேசியதிலேயே மோசமான வாதத்தைப் பேசினேன்.

"மச்சான், நியாயமாப் பாருங்கோ. அந்தப் பெனால்டியை எடுத்துக் குடுத்தது ஆர்? உங்கடை மோன். விழுந்தது அவன், பந்தை வைச்சது அவன். அதிலை அரைவாசி அவனுக்குச் சேராதோ? ஒண்டும் அரையும் ஒண்டரை. சமநிலை."

"அரைக் கோல் எண்டு உலகத்திலை ஒண்டும் இல்லை எண்டு எனக்குப் படிப்பிச்சது ஆர்?"

நான் பாயைச் சுருட்டினேன்.

அடுத்த நாள் காலை தம்பியிடம் சொன்னபோது அவன் நிறைய நேரம் சிரித்தான்.

"அண்ணை, ஆர் விளையாடுறாங்கள், ஆர் விளையாடேல்லை எண்டு பாக்கேல்லையோ? அதுதானே முதல் வேலை! தடுப்பு வரிசை அதுக்குப் பிறகுதான்."

"நீ எனக்கு ரெண்டாவதைத்தானே முதல் சொன்னனீ."

"நீங்கள் பல்லைத் தீட்டிக்கொண்டு அவசரத்திலை நிண்டனீங்கள்."

அன்று மாலை என் மனைவி கிடாயைக் குளிப்பாட்டி, கழுத்தில் புதுக் கயிறு போட்டு, தானே கூட்டிக்கொண்டு போய் அண்ணன் வீட்டில் கட்டிவிட்டு வந்தாள். பந்தயம் பந்தயம்தான் என்று சொன்னாள். அழவில்லை. ஆனால் வந்து விறாந்தையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு வெகு நேரம் ஒரு பக்கத்தையும் புரட்டாமல் இருந்தாள். பெருநாளுக்கு இன்னும் ஒரு கிழமைகூட இல்லை.

முதல் அழைப்பு அடுத்த நாள் காலையில் வந்தது. மச்சான்.

"தங்கச்சி, உன்ரை ஆடு கயிறைக் கடிச்சுப்போட்டுது."

"அது உங்கடை ஆடு அண்ணா."

"கயிறைக் கடிச்சுப்போட்டு வந்து அப்பாவின்ரை கதிரையிலை ஏறிப் படுத்திட்டுது. இறக்கினால் கத்துது. ஒழுங்கை முழுக்கக் கேக்குது."

"அதுக்குக் கதிரை இல்லாமல் நித்திரை வராது."

இரண்டாவது அழைப்பில் மச்சான் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து பேசினார். நடுமுதுகு நோகிறது என்றார். மூன்றாவது அழைப்பில், கிடாய் பிரம்புப் பின்னலைச் சுவைபார்க்கத் தொடங்கியிருந்தது. நான்காவதில் அவர் குரல் இறங்கியிருந்தது.

"தங்கச்சி, பெருநாளுக்கு வெட்ட ஆள் வந்தவன். இது கதிரையிலை இருந்துகொண்டு அவனைப் பாத்த பார்வை இருக்கே. அப்பா பாக்கிற மாதிரியே இருந்தது. அவன் வெட்டமாட்டன் எண்டு போயிட்டான். எனக்கும் ஏலாது. வந்து கூட்டிக்கொண்டு போ."

நான் பக்கத்தில் நின்று, ஓம் சொல்லு, ஓம் சொல்லு என்று கையால் காட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"பந்தயத்திலை வெண்ட ஆட்டைத் திருப்பித் தாறது மரியாதை இல்லை அண்ணா."

"பந்தயமும் மண்ணாங்கட்டியும். கொண்டுபோ எண்டுறன்."

"கொண்டுவாறன். ஆனால் அது இப்ப அந்தக் கதிரைக்குப் பழகிட்டுது. வாறதெண்டால் கதிரையோடை வரட்டும்."

தொலைபேசிக்குள் கிடாய் ஒரு முறை கத்தியது. மச்சான் அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"அப்பா இருந்திருந்தாலும் உனக்குத்தான் குடுத்திருப்பார்," என்றார் கடைசியில். "நீ ஒருக்காலும் கேக்கேல்லையே எண்டுதான் நானும் இருந்திட்டன்."

"நான் இப்பவும் கேக்கேல்லை அண்ணா. ஆடுதான் கேக்குது."

அன்று பின்னேரம் ஓர் ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. பின்னால் கதிரை, அதன் நீண்ட கைகள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டியபடி. முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் மச்சான், மடியில் கிடாய். ஓட்டுநர் அந்த இடது பின்கள மாப்பிள்ளை. கலியாணச் செலவுக்கு இரவு பகலாக ஓடுகிறானாம். கதிரையை இறக்கி விறாந்தையில் வைக்க உதவிவிட்டு, "அக்கா, அண்டைக்கு மைதானத்திலை ஏன் வேண்டாமெண்டு கத்தினனீங்கள்?" என்று கேட்டான். மனைவி அவனுக்குப் பெரிய கிளாசில் தேத்தண்ணீர் கொடுத்தாள். இரண்டாவது தரமும் கொடுத்தாள்.

பெருநாளுக்கு மச்சான் குடும்பம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டது. கோழி. நிலவு தேய்ந்து இருட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்ததால் நண்டும் ஓரளவு சதை வைத்திருந்தது. மருமகன் இரண்டு கோப்பை சாப்பிட்டான். அதில் மட்டும் ஒன்றரைக்கு மேலே. பிரம்புப் பின்னலில் ஓர் உள்ளங்கை அளவு ஓட்டை விழுந்திருந்தது. மனைவி அதன்மேல் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு, அப்பாவைப் போலவே கால்களை நீட்டிச் சாய்ந்து, இரண்டு கைகளையும் கதிரையின் கைகளில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மெழுகுதிரியைக் கதிரையில் இருந்தபடியே கொளுத்தினாள். சொன்ன சொல் தவறவில்லை.

அவள் குசினிக்கு எழுந்து போன நேரம் பார்த்து நான் மெதுவாகக் கதிரைப் பக்கம் போனேன். இத்தனை வருடமாக நானும் அதை ஒரு கண்ணால் பார்த்து வந்தவன்தானே. கிடாய் அதற்குள் ஏறி, நடுவில், தலையணையின்மேல், நாலு காலையும் மடித்துப் படுத்திருந்தது. நான் நின்று எதிரணியின் தடுப்பை ஆராய்ந்தேன். இன்று யார் விளையாடுகிறார்கள் என்பதையும் இந்த முறை மறக்காமல் பார்த்தேன். முதலிடம்; சந்தேகமேயில்லை. போய்ப் பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.